புரிஞ்சுது மிஸ்

பெற்றோர் கூட்டம் என்று பெயர்தான். அன்றைக்கு அந்த அறையில் நடந்தது சண்டை. பனியன் கம்பெனியில் தையல் வேலை பார்க்கும் கவுசல்யா அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்திருந்தாள். வந்த வேகத்தில் மகள் தர்ணிகாவைக் கையைப் பிடித்து இழுத்து, எட்டாம் வகுப்புக் கணக்கு ஆசிரியை ரேணுகாதேவியின் மேசைக்கு முன்னால் நிறுத்தினாள்.

"ஏனுங்க டீச்சர், என்ற புள்ளைக்குக் கணக்கு வராதுன்னு நீங்களே முடிவு பண்ணிப்போட்டீங்களா?"

திருப்பூரில் இருந்த அந்தப் பள்ளியில் எட்டாம் வகுப்பு முடிந்ததும் பிள்ளைகளை இரண்டாகப் பிரித்துவிடுவார்கள். ஒரு பகுதி ஒன்பதாம் வகுப்புக்குப் போகும். மறு பகுதி பின்கட்டடத்துக்குப் போகும். பின்கட்டடத்துக்கு 'திறன் பிரிவு' என்று மரியாதையான பெயர் உண்டு. உள்ளே எட்டிப் பார்த்தால் வரிசையாகத் தையல் மெஷின்கள் இருக்கும். அங்கே போன பிள்ளை யாரும் முன்கட்டடத்துக்குத் திரும்பி வந்ததில்லை. தர்ணிகாவைப் பின்கட்டடத்துக்கு அனுப்பலாம் என்று, பிள்ளைகள் காதில் வைத்துப் பாடம் கேட்கும் குமிழ் என்ற கருவி பரிந்துரைத்திருந்தது. வகுப்பாசிரியை சரி என்று சொல்லிவிட்டால் வெள்ளிக்கிழமையோடு முடிந்தது.

வகுப்பாசிரியையான ரேணுகா சரி சொல்லும் முடிவில்தான் இருந்தாள். அவளுக்கு அதில் ஒரு சந்தேகமும் இல்லை. ஒரு வருஷமாக அந்தப் பெண் வகுப்பில் வாயைத் திறந்து ஒரு கேள்வி கேட்டதில்லை. எதைச் சொன்னாலும் 'புரிஞ்சுது மிஸ்' என்று ஒரே பதில். பரீட்சையில் வட்டத்துக்கு வண்ணம் அடித்து வைத்திருக்கிறாள். இதற்கு மேல் என்ன வேண்டும் என்று ரேணுகா நினைத்தாள், நினைத்ததைச் சொல்லவும் செய்தாள்.

"வகுப்புல வாயே திறக்கறதில்லம்மா உங்க பொண்ணு."

"வாயத் தொறக்கறதில்லையா? வூட்டுல இவ வாய மூடறதில்லீங்க. ஏன் ஏன்னு கேட்டே என்ற உசுர வாங்கறா. குக்கர் ஏன் விசிலடிக்குது, பஸ்ஸு திரும்புனா நாம ஏன் சாயறோம், எனக்கென்னங்க தெரியும்?"

"நான் கேட்டேன்," என்றாள் தர்ணிகா. அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவள், இப்போது ரேணுகாவை நேராகப் பார்த்தாள். அந்தப் பார்வையில் பயம் கொஞ்சமும் இல்லை. வெறுப்பு நிறைய இருந்தது.

"எப்ப கேட்ட?"

"தினமும்."

"பொய் சொல்லாத. அம்மா பக்கத்துல இருக்காங்கன்னு வாய்க்கு வந்ததப் பேசாத."

"கணக்கு உனக்கு வேண்டாம், படத்துக்குக் கலர் அடின்னு நீங்கதான சொன்னீங்க? உங்க வாய் அசையறது ஒண்ணு, எனக்குக் கேக்கறது ஒண்ணு. நீங்க பாட்டுக்குப் பேசிட்டே இருக்கீங்க, என் காதுல மட்டும் பாடம் முடிஞ்சு போயிருது. நான் போர்டப் பாத்துத்தான் எழுதிக்கறேன்."

ரேணுகாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவள் தன் ஆயுளில் எந்தப் பிள்ளையிடமும் கணக்கு வேண்டாம் என்று சொன்னதில்லை. மார்க் குறைந்தால் திட்டியிருக்கிறாள், பெஞ்சு மேல் நிறுத்தியிருக்கிறாள், அதெல்லாம் வேறு. வேண்டாம் என்ற சொல் அவள் வாயில் வராது. இத்தனை பொய் பேசுகிற பிள்ளைக்குப் பின்கட்டடம்தான் சரி என்று அவள் பதிலுக்குச் சொன்னதும், கவுசல்யா மேசையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். என்ற புள்ளையும் என்னைப் போல மெஷினுக்கு முன்னாடி உட்கார்ந்து முதுகொடியவா பெத்து வளர்த்தேன், உங்க புள்ளையாயிருந்தா அனுப்புவீங்களா என்று அவள் கத்திய கத்து மைதானம் வரை கேட்டது.

தலைமையாசிரியர் ஞானசேகரன் அறை மூலையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் புன்னகையோடு பார்த்துக்கொண்டிருந்தார். கவுசல்யா மூச்சு வாங்க நின்றதும், கைகூப்பி, "ரொம்ப சந்தோஷம்மா. உங்களை மாதிரி பெற்றோர்தான் பள்ளிக்குப் பலம்," என்றார்.

கவுசல்யா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நான் என்ன பேசறேன், இந்தாளு என்னத்துக்கு இளிக்கறாரு?" என்று பொதுவாகக் கேட்டுவிட்டு, மகளை இழுத்துக்கொண்டு போய்விட்டாள். மனிதருக்கு எவ்வளவு பொறுமை என்று ரேணுகா வியந்தாள். தனக்கு அதில் கால்வாசிகூடக் கிடையாது என்பது அவளுக்கே தெரியும்.

குமிழ் என்பது பிள்ளைகள் வைத்த பெயர். அதைத் தயாரித்த கம்பெனி வைத்த நீளமான பெயர் யார் நினைவிலும் இல்லை. புளியங்கொட்டை அளவில் இருக்கும், காதில் வைத்தால் வெளிச்சத்தம் அடங்கிவிடும். அதன் பிறகு காதில் விழுவதெல்லாம் அது விழவைப்பதுதான். ரேணுகா ஒரு பாடம் நடத்துவாள், நாற்பது பிள்ளைகளும் நாற்பது பாடம் கேட்பார்கள். எல்லாமே அவளுடைய குரலில்தான். ஒடிசாவிலிருந்து சாயப்பட்டறை வேலைக்கு வந்த குடும்பத்துப் பையன் ரஞ்சனுக்கு அவள் ஒடியாவில் பேசுவாள், அவளுக்கு ஒடியாவில் ஒரு சொல்கூடத் தெரியாது. காது மந்தமான ஷாகுலுக்கு அழுத்திப் பேசுவாள். ஒரு நிமிஷம் உட்காராத பையனுக்குப் பாடத்தைத் துண்டு துண்டாக நறுக்கிக் கொடுப்பாள். ஒவ்வொரு பிள்ளையின் தேவைக்கும் ஏற்ற பாடம் என்று சுவரெங்கும் எழுதி ஒட்டியிருந்தார்கள். குறை சொல்ல முடியாது, ரஞ்சன் அந்த வருஷம்தான் முதல்முதலாகக் கை தூக்கினான்.

ஆசிரியர்களுக்கும் ஆளுக்கொரு குமிழ் உண்டு. பொருத்த வந்த நாளில், கம்பெனிப் பொறியாளர் நிவேதன் ஒவ்வொருவரிடமும் உங்கள் தேவை என்ன என்று கேட்டுக் குமிழில் பதிந்தான். பிள்ளைகள் சொல்லும் ஒடியாவும் இந்தியும் தமிழாகக் கேட்க வேண்டும் என்று எல்லோரும் சொன்னதைத்தான் ரேணுகாவும் சொன்னாள். வருஷக்கணக்காக ஒற்றைத் தலைவலியோடு வகுப்பெடுத்தவள் அவள். அதனால் கூடவே, "வகுப்பு அமைதியா இருந்தாப் போதும்ப்பா, வேற ஒண்ணும் வேண்டாம்," என்றும் சொன்னாள். எனக்குப் பிரச்சினை எதுவும் வராமல் இருந்தால் போதும் என்று தலைமையாசிரியர் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நிவேதன் மட்டும் சிரிக்காமல் அதையும் பதிந்துகொண்டான். அன்று முதல் ரேணுகாவுக்குத் தலைவலி வரவில்லை. தலைமையாசிரியர் குமிழைத் தூங்கும்போதுதான் கழற்றுவார் என்று ஆசிரியர் அறையில் பேச்சு.

பெற்றோர் கூட்டத்துக்கு மறுநாள் நிவேதன் வழக்கமான பராமரிப்புக்கு வந்திருந்தான். ரேணுகா அவனை வகுப்பறையிலேயே மடக்கினாள். பிள்ளைகள் விளையாடப் போயிருந்தார்கள். தர்ணிகாவின் காதில் நேற்று என்ன கேட்டதோ அதை எனக்குப் போட்டுக் காட்டு என்றாள். அதெல்லாம் விதிப்படி கூடாது மேடம் என்று அவன் நெளிந்தான். என் குரலை எடுத்து நீ என்ன பேசவைத்தாய் என்று எனக்குத் தெரியாமல் இருப்பது மட்டும் எந்த விதிப்படி என்று அவள் கேட்டதும், கையிலிருந்த கருவியில் எதையோ தட்டி ஒரு குமிழை நீட்டினான்.

ஆடியில் நடத்திய பின்னங்களின் வகுத்தலை முந்தைய நாள் ரேணுகா மறுபடி நடத்தியிருந்தாள். பாதியைக் காலால் வகு. பின்னால் இருப்பதைத் தலைகீழாகத் திருப்பு, பெருக்கு, விடை இரண்டு. மணி அடிக்கும்வரை பலகை நிறையக் கணக்குப் போட்டிருந்தாள்.

குமிழில் அவள் குரல்தான் கேட்டது. அவள் குரல்தான், ஆனால் அதில் இல்லாத தேனெல்லாம் ஊற்றியிருந்தார்கள். "இது கொஞ்சம் கஷ்டமா இருக்கா கண்ணு? பரவால்ல. இது உனக்கு வேண்டாம். நாம அழகா ஒரு வட்டம் வரையலாமா? பாதிக்குக் கலர் அடி பாக்கலாம். அடடா, எவ்ளோ அழகா அடிச்சிருக்க!"

அப்புறம் நிசப்தம். பாடவேளையின் மீதி முழுக்க நிசப்தம்தான்.

ரேணுகாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவள் யாரையும் கண்ணு என்று கூப்பிட்டதில்லை. பெற்ற மகனைக்கூடக் கூப்பிட்டதில்லை. தன் குரலை யாரோ திருடிக்கொண்டு போய், அதே குரலில் ஒரு பிள்ளையைக் கொஞ்சிக் கொஞ்சி முட்டாளாக்கியிருக்கிறார்கள் என்று அவளுக்குத் தோன்றியது.

"இந்தப் பொண்ணுக்கு ஏன் இவ்வளவு கீழ எறக்குனீங்க?"

"நாங்க எறக்கல மேடம். அந்தப் பொண்ணே எறங்கிடுச்சு." நிவேதன் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "பாடம் முடிஞ்சதும் புரிஞ்சுதான்னு நீங்க கேக்கறீங்க இல்ல? எல்லாரும் புரிஞ்சுதுன்னு கோரஸா சொல்லிடறாங்க. புரியலன்னு சொல்ற பிள்ளைக்கு ஒரு படி குறைச்சு எளிமையாக் குடுக்கணும். குமிழோட வேலையே அதுதான். இந்த ஸ்கூல்லயே அதிகமா புரியலன்னு சொன்னது இந்தப் பொண்ணுதான். ஏன், எப்படி, எதுக்குன்னு கேட்டாலும் அது புரியலங்கற கணக்குலதான் வரும்."

"ஏன்னு கேட்டாப் புரியலன்னு அர்த்தமா?"

"புரிஞ்சவங்க எதுக்கு மேடம் கேக்கப்போறாங்க?"

அவன் கிண்டலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டான். நாற்பது பேர் கோரஸாக இழுக்கும் அந்தப் 'புரிஞ்சுது மிஸ்' எவ்வளவு பொய் என்று அவளுக்குத் தெரியும். அந்த ஊரில் பிறந்து அந்த ஊரிலேயே படித்தவள், அவளும் இழுத்தவள்தான். புரியல என்று சொன்னால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள், பாடம் மறுபடி முதலிலிருந்து வரும், மணி அடித்தாலும் விடமாட்டார்கள். அதனால் புரிந்ததோ இல்லையோ கோரஸில் சேர்ந்துவிடுவது ஒரு பழக்கம். பாவம், அந்த இயந்திரத்துக்கு அது தெரியாது. பொய் சொன்ன முப்பத்தொன்பது பேரை ஏற்றிவிட்டு, மெய் சொன்ன ஒருத்தியை இறக்கிக்கொண்டே வந்திருக்கிறது.

ஆனால் ஒன்று மட்டும் இடித்தது. "எங்கிட்ட அவ புரியலன்னு ஒருநாளும் சொன்னதில்லையே?"

"குமிழ்கிட்டச் சொல்லியிருப்பா மேடம்," என்று சொல்லிவிட்டு நிவேதன் பையை மூடத் தொடங்கினான். அவசரமாக மூடினான்.

அன்று மாலையே அவள் தலைமையாசிரியர் அறைக்குப் போய், தர்ணிகாவுக்கு மறுபடி பாடம் நடத்திப் பார்க்காமல் சரி சொல்ல முடியாது என்றாள். ஞானசேகரன் புன்னகையோடு தலையாட்டி, உங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி, வெள்ளிக்கிழமை மறந்துவிடாதீர்கள் என்றார். அவள் இன்னொரு தரம் அழுத்திச் சொன்னாள். இன்னொரு தரம் நன்றி வந்தது. காதில் விழுந்ததை விழாத மாதிரி காட்டிக்கொள்ளும் கெட்டிக்காரத்தனம் என்று உள்ளுக்குள் வைதபடி அவள் வெளியே வந்தாள். மேலே இருப்பவர்களை எதிர்த்து அவளுக்குப் பழக்கமில்லை. ஆனால் தோற்றுப் போவதும் அவளுக்குப் பிடிக்காது.

வெள்ளிக்கிழமை முதல் பாடவேளையில் அவள் வகுப்புக்குள் நுழைந்ததும், எல்லோரும் குமிழைக் கழற்றி மேசை மேல் வையுங்கள் என்று சைகை காட்டினாள். ரஞ்சனின் முகம் விழுந்ததைப் பார்த்து, நீயும் ஷாகுலும் வைத்துக்கொள்ளுங்கள் என்று காட்டினாள். மற்றவர்கள் தயங்கித் தயங்கிக் கழற்றினார்கள். ஒரு வருஷமாக ஒருவர் கேட்டதை இன்னொருவர் கேட்காத வகுப்பு அது. அந்தப் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டன. ரேணுகாவின் நிஜக் குரலைக் கேட்டதும் முன்வரிசைப் பையன் ஒருவன் மிரண்டே போனான். அவன் காதில் அவள் இதுவரை மெதுவாகப் பேசியிருந்தாள் போலிருக்கிறது.

கடைசி வரிசையில் தர்ணிகா கடைசியாகக் கழற்றினாள். முகத்தில் அதே வெறுப்பு. என்ன நாடகம் நடக்கிறது என்று பார்ப்பது போலக் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

ரேணுகா பின்னங்களின் வகுத்தலை முதலிலிருந்து நடத்தினாள். பாதியைக் காலால் வகு, திருப்பு, பெருக்கு. ஒரு வருஷத்தில் முதல்முறையாக, ரஞ்சனும் ஷாகுலும் தவிர மற்ற எல்லோரும் ஒரே பாடத்தைக் கேட்டார்கள். சிலருக்கு அது மெதுவாக இருந்தது, கொட்டாவி விட்டார்கள். சிலருக்கு எட்டவில்லை, ஒரு பெண் கண் கலங்கினாள். குமிழ் வேண்டாத பொருள் இல்லை என்று ரேணுகாவுக்கு அந்த நிமிஷம் உறைத்தது. உறைத்ததால் எரிச்சல்தான் கூடியது.

பாடத்தை முடித்துவிட்டு அவள் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டாள். "புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது மிஸ்!" என்றது வகுப்பு.

"தர்ணிகா, உனக்கு?"

"புரிஞ்சுது மிஸ்," என்றது தர்ணிகாவின் குரல். அடக்கமாக, மரியாதையாக, வருஷம் முழுக்கக் கேட்ட அதே குரல்.

ரேணுகாவுக்கு மனசு விட்டுப் போனது. இவளுக்காகவா இவ்வளவு மல்லுக்கட்டினோம் என்று நினைத்தபடி அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள். கடைசி வரிசை முகங்களை அவள் நின்று பார்ப்பதில்லை. பதில்தான் காதுக்கே வந்துவிடுகிறதே, பார்க்க வேண்டிய தேவை இருக்கவில்லை. இப்போது பார்த்தாள்.

தர்ணிகாவின் வாய் இன்னும் அசைந்துகொண்டிருந்தது. கட்டியிருந்த கைகளை அவிழ்த்து, பலகையைக் காட்டி, விரலால் காற்றில் எதையோ திருப்பிக் காட்டிப் பேசிக்கொண்டே இருந்தாள். பக்கத்தில் இருந்த பிள்ளைகள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரேணுகாவின் காதில் மட்டும் நல்ல அமைதி.

அவள் கை தானாகக் காதுக்குப் போனது. பிள்ளைகளைக் கழற்றச் சொன்னவள் தன்னுடையதைக் கழற்ற மறந்திருந்தாள். அது இருப்பதே அவளுக்கு மறந்துபோய் நாளாகியிருந்தது. வகுப்பு அமைதியாக இருந்தால் போதும் என்று அவள்தானே கேட்டு வாங்கிக்கொண்டாள், பாடவேளை தொடங்கியதும் அது தன் வேலையைத் தொடங்கிவிடும். குமிழைப் பிடுங்கியதும் நாற்காலி இழுபடும் சத்தமும் இருமலும் கிசுகிசுப்பும் மடை உடைந்தது போல உள்ளே வந்தன. அதற்கு நடுவே, கொஞ்சமும் மரியாதையில்லாத, கோபத்தில் நடுங்கும் ஒரு குரல் கேட்டது.

"...வகுத்தாச் சின்னதாத்தான ஆகணும்? பாதிய வகுத்தா எப்படி ரெண்டு வரும்? எதுக்குத் தலைகீழாத் திருப்பணும்? ஆடி மாசத்துலருந்து இதையேதான் கேக்கறேன். நீங்க குட் சொல்லிட்டுப் போயிருவீங்க. நான் கத்துனாலும் குட். அழுதாலும் குட்."

ரேணுகா பலகையில் கையை ஊன்றிக்கொண்டாள். அந்தக் கேள்விக்கு மட்டும் இல்லை, வேறு எத்தனை கேள்விகளுக்கு இந்த வருஷம் குட் சொல்லிவிட்டுப் போனோம் என்று எண்ணிப் பார்க்கவே அவளுக்குப் பயமாக இருந்தது. கேள்விக்காவது பதில் சொல்லலாம் என்று பலகையைப் பார்த்தாள். திருப்பிப் பெருக்கு என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள், அவளும் அப்படியே சொல்லிக்கொடுத்தாள். ஏன் என்று அவளை யாரும் கேட்டதில்லை. கேட்டவர்கள் இருந்திருக்கலாம், அவள் முறைத்த முறைப்பில் உட்கார்ந்திருப்பார்கள்.

"எனக்குத் தெரியல," என்றாள். "திருப்பணும்னு தெரியும். ஏன்னு தெரியல. பாத்துட்டு வந்து திங்கக்கிழமை சொல்றேன்."

தர்ணிகா அவளை நம்பாமல் பார்த்தாள்.

"நான் திங்கக்கிழம எங்க இருப்பேன் மிஸ்? பின்னாடி பில்டிங்லயா?"

ரேணுகா பதில் சொல்வதற்குள் கதவருகே செருப்புச் சத்தம் கேட்டது. ஒரு வகுப்பே குமிழைக் கழற்றிவிட்டது என்று அலுவலகத்துக்குத் தகவல் போயிருக்க வேண்டும். ஞானசேகரன் வாசலில் நின்றார். முகத்தில் வழக்கமான புன்னகை.

ரேணுகா நேராக அவரிடம் போனாள். இந்தப் பெண் வகுப்பிலேயே கெட்டிக்காரி, இவளை இந்தக் கருவி ஒரு வருஷமாக ஏமாற்றியிருக்கிறது, என்னையும் ஏமாற்றியிருக்கிறது, பின்கட்டடத்துக்கு அனுப்ப நான் சம்மதிக்க மாட்டேன், இன்னும் எத்தனை பிள்ளைகளை இப்படி இறக்கியிருக்கிறோம் என்று பார்க்காமல் ஒருத்தரையும் பிரிக்கக்கூடாது, என் வேலை போனாலும் பரவாயில்லை என்று மூச்சு விடாமல் சொன்னாள். வாழ்நாளில் ஒரு மேலதிகாரியிடம் அவள் இப்படிப் பேசியதில்லை.

ஞானசேகரன் பொறுமையாகக் கேட்டார். பிறகு மலர்ந்த முகத்தோடு தலையாட்டினார்.

"ரொம்ப சந்தோஷம் மேடம். நீங்க சம்மதிப்பீங்கன்னு தெரியும். அப்ப தர்ணிகா திங்கக்கிழமையிலருந்து திறன் பிரிவு. சொல்லிடறேன்."

ரேணுகாவுக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. அப்புறம் அவர் காதில் சின்னதாகப் பச்சை விளக்கு மினுங்குவதைப் பார்த்தாள். எனக்குப் பிரச்சினை எதுவும் வராமல் இருந்தால் போதும் என்று அவர் சொன்னதும், எல்லோரும் சிரித்ததும் நினைவுக்கு வந்தது. மேசையைத் தட்டிக் கத்திய கவுசல்யாவுக்கு அவர் கைகூப்பியதும் நினைவுக்கு வந்தது.

"சார், அதக் கழட்டுங்க," என்றாள்.

"நன்றி மேடம்," என்றார் அவர்.

"கழட்டச் சொல்றதும் அவருக்குக் கேக்காது மிஸ்," என்றாள் பின்னாலிருந்து தர்ணிகா. அந்தக் குரலில் முதல்முறையாக வெறுப்பு இல்லை. ஒரு வருஷமாக இதை அனுபவித்தவளின் சலிப்பு மட்டும் இருந்தது.

தலைமையாசிரியர் திரும்பிப் போகக் காலெடுத்து வைத்தார். ரேணுகா சாக்பீஸைக் கீழே போட்டுவிட்டு இரண்டே எட்டில் அவரை எட்டினாள். காதைப் பிடித்தாள். பிள்ளைகளின் காதைத்தான் அந்தப் பள்ளியில் ஆசிரியர்கள் பிடிப்பார்கள். தலைமையாசிரியரின் காதை ஓர் ஆசிரியை பிடித்து அதுவரை யாரும் பார்த்ததில்லை. குமிழ் அவள் உள்ளங்கைக்கு வந்தது. ஞானசேகரனின் புன்னகை கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. பல மாதங்களுக்குப் பிறகு அவர் முகத்தில் பயத்தைப் பார்க்க முடிந்தது.

"தர்ணிகா ஒன்பதாம் வகுப்புக்குப் போறா," என்றாள் ரேணுகா. "இப்பக் கேக்குதா சார்?"

அவள் உள்ளங்கைக்குள் கிடந்த குமிழ், அவளுடைய குரலிலேயே, தேனொழுகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

"உங்க இஷ்டம் சார். புரிஞ்சுது சார்."